இன்று எத்தனை பந்து அடித்தாய்? இளம் கோல்ஃப் வீரர்களும் ஓவர்யூஸ் காயங்களும்

கோல்ஃபில் அப்படி என்ன அடிபட்டுவிடப் போகிறது என்று பலரும் கேட்பார்கள். ஓட வேண்டியதில்லை. எதிராளி வந்து மோதப்போவதில்லை. பந்துகூட அசையாமல் நமக்காகக் காத்துக் கிடக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் அக்கா மகனுக்கு 14 வயதில் முதுகெலும்பில் விரிசல் என்று தெரிந்து, மூன்று மாதம் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அந்த நினைப்பு போனது.

அவன் எங்கேயும் விழவில்லை. எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு நாளே கிடையாது. முதலில் பயிற்சி முடிந்த பிறகு இடுப்பில் லேசான பிடிப்பு. அப்புறம் பயிற்சி நடக்கும்போதே வலி. கடைசியில் காலையில் எழுந்து பல் தேய்க்கக் குனிந்து நிமிர்ந்தால்கூட வலி. ஸ்கூல் பையின் கனம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

விளையாட்டுக் காயங்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். கால்பந்தில் கணுக்கால் மடங்குவதைப் போல ஒரு நொடியில் வருவது ஒன்று. சின்னச் சின்னச் சேதம் மாதக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் வலியாக வெளியே தெரிவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஓவர்யூஸ் காயம். மிகைப்பயன்பாட்டுக் காயம் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் கோல்ஃப் பழகும் ரேஞ்சில் யார் வாயிலும் அந்தச் சொல் வருவதில்லை என்பதால் ஓவர்யூஸ் என்றே எழுதுகிறேன். போட்டிக்காகத் தயாராகும் இளம் கோல்ஃப் வீரர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள நம் ஊரில் ரோடு போடுவதை நினைத்துப் பாருங்கள். பழைய தார் தேய்ந்துபோனால், முதலில் ஒரு இயந்திரம் வந்து மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போகும். புதுத் தார் கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் ரோடு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அப்போது பார்த்து மணல் லாரிகள் வரிசையாகப் போனால் என்ன ஆகும்?

எலும்பும் ஏறக்குறைய இப்படித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால், அங்கே நுண்ணிய கீறல்கள் உண்டாகின்றன. சில செல்கள் வந்து அந்தப் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன; இதற்குச் சில வாரங்கள் ஆகும். வேறு செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. இதற்கு மாதங்கள் ஆகும். இடையில் போதுமான ஓய்வு கிடைத்தால் அந்த இடம் முன்பைவிடப் பலமாகிறது. பயிற்சியால் உடல் உரமேறுவது இந்த வழியில்தான். ஓய்வே கிடைக்காவிட்டால் சுரண்டுவது மட்டும் நடந்துகொண்டே போய், அங்கே விரிசல் விழுகிறது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று சொல்வது இதைத்தான். 2019-இல் பும்ராவுக்குக் கீழ்முதுகில் வந்தபோது செய்திகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்களுக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. கடுமையான பயிற்சிக்குப் பிறகு சுமார் 24 முதல் 36 மணி நேரம் வரை அவற்றில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். அதற்குப் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. தினமும் அதே இடத்தில் அதே வேலை கொடுத்தால் அந்த லாபம் கைக்கு வரவே வராது.

சரி, மெதுவாகத் தெரிகிற இந்த விளையாட்டில் அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். கனம் அதில் இல்லை, கிளப்பை வீசும் ஸ்விங்கில் இருக்கிறது. கிளப்பை மேலே கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து கீழே பந்தைத் தொடும்வரை ஆகும் நேரம் கால் நொடி அளவுதான். முன்னணித் தொழில்முறை ஆண் வீரர்களின் டிரைவர், அதாவது அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப், அந்தக் கால் நொடியில் மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. இன்றைய ஸ்விங்கில் இடுப்பைக் கொஞ்சமாகத் திருப்பி, தோள்களை நிறையத் திருப்பி, உடம்பை ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கி வைக்கிறார்கள். முறுக்கு அதிகமானால் தூரம் அதிகம். அந்த முறுக்கு அவிழும்போது பெரும் சுமை விழுவது கீழ்முதுகின் மீது. ஒரு ஸ்விங்கில் கீழ்முதுகின் மீது விழும் அமுக்கம் உடல் எடையைப்போல சுமார் 8 மடங்கு வரை போவதாகப் பெரியவர்களிடம் எடுத்த அளவீடுகள் சொல்கின்றன. 70 கிலோ மனிதருக்கு அது 560 கிலோ. அதுவும் எப்போதும் ஒரே திசையில். வலக்கை ஆட்டக்காரர் வாழ்நாள் முழுக்க இடப்பக்கம்தான் சுழல்கிறார். மறுபக்கம் சுழன்று சமன் செய்ய இந்த விளையாட்டில் இடமே இல்லை.

பெரியவர்களுக்கே இப்படி என்றால், வளர்கிற பிள்ளைகளின் எலும்பில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. நீளவாக்கில் எலும்பு வளர்வது அதன் முனைகளுக்கு அருகே உள்ள வளர்ச்சித் தகடு என்ற குருத்தெலும்புப் பகுதியில். சுற்றியுள்ள எலும்பைவிடவும் தசைநாரைவிடவும் அது மென்மையானது. பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்தக் காலத்தில் எலும்பு நீண்டுவிடுகிறது, ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து முழுதாகப் படிவது பின்தங்கியே வருகிறது. தசைகள் இறுகி இருக்கின்றன. கையும் காலும் நீண்டதால் பழைய ஸ்விங்கின் அளவுகளும் மாறிப்போகின்றன. பிள்ளை பந்தைச் சரியாக அடிக்கவில்லையே என்று நாம் இன்னும் இரண்டு பக்கெட் வாங்கிக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அக்கா மகன் அந்த வருடம் 9 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுச் சந்தோஷப்பட்டோமே தவிர, அதற்கும் பயிற்சிக்கும் தொடர்பு உண்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பக்கெட் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ரேஞ்ச் என்பது வரிசையாக நின்று பந்தடித்துப் பழகும் இடம். பணம் கட்டினால் ஒரு பக்கெட் நிறையப் பந்து தருவார்கள். சின்னதில் 50, பெரியதில் 100 என்ற கணக்கில் இருக்கும். அடித்த பந்தைத் தேடி நடக்க வேண்டாம். அடுத்த பந்து காலடியிலேயே இருக்கிறது. நின்ற இடத்தில் நின்று அடித்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு இந்த விஷயம் முழுவதும் விளங்கியது இந்த இடத்தில்தான்.

ஒரு முழு ஆட்டம் என்பது 18 குழி. நன்றாக ஆடும் பிள்ளை அதை 75 அடிகளுக்குள் முடிக்கும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மெல்லிய தட்டல். உடம்பை முழுதாக முறுக்கி அடிக்கும் ஸ்விங் ஒரு ஆட்டத்தில் 40-ஐத் தாண்டுவது அரிது. அந்த 40-உம் நான்கு மணி நேரத்துக்கு மேல், இடையிடையே நடந்து, நின்று, யோசித்து அடிப்பவை. ரேஞ்சிலோ 100 பந்து ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும்.

டாக்டரிடம் போய்வந்த இரவு அக்கா மகனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வார நாட்களில் தினம் 200. சனிக்கிழமை 400. ஞாயிறு ஒரு ஆட்டம். ரேஞ்சில் மட்டும் வாரம் 1,400 பந்து. ஆட்டத்துக்கு 40 என்று வகுத்தால், ஏழு நாளில் 35 ஆட்டங்கள் ஆடிய முதுகு அது. கோடை விடுமுறையில் இன்னும் கூடுதல். நாங்கள் யாரும் அவனை அடித்து விரட்டவில்லை. அவனுக்கே ஆசை. "இன்னிக்கு நானூறு அடிச்சிட்டான் சார்" என்று அவன் அப்பா பெருமையாகச் சொல்வார், கேட்டவர்களும் பாராட்டினார்கள். அந்த எண்ணை ஒரு சுமையாக யாரும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் வேறு விளையாட்டுகளில் இந்தக் கணக்கைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் 2014-இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தார்கள். அதன்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66-ஐத் தாண்டினால் அடுத்த நான்கு நாள் வீசவே கூடாது. இங்கிலாந்தில் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு ஒரு நாளில் இத்தனை ஓவர்தான் என்று வயதுவாரியாக வரம்பு உண்டு. ஆனால் ரேஞ்சில் பக்கெட் பக்கெட்டாக அடிக்கும் கோல்ஃப் பிள்ளையை நிறுத்தச் சொல்ல அம்பயரும் இல்லை, ஸ்கோரரும் இல்லை. எண்ண வேண்டியது வீட்டில் உள்ளவர்களும் பயிற்சியாளரும்தான்.

அழுத்தம் எங்கெங்கே வெடிக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதலிடம் கீழ்முதுகுக்கு. வளரும் பிள்ளைகளில் முதுகெலும்பின் பின்பகுதியில், பெரும்பாலும் கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில், மெல்லிய பாலம்போன்ற ஓர் இடத்தில் விரிசல் விழும். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் வருவதும் இதே இடத்தில்தான். பின்பக்கம் வளைந்தால் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக வலிக்கும். வளர்ந்தவர்களுக்கு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பாதிக்கப்படுவது அதிகம். கோல்ஃப் ஜாம்பவான் டைகர் வுட்ஸ் 2 வயதிலேயே தொலைக்காட்சியில் கிளப்போடு தோன்றியவர். 2014 முதல் 2017-க்குள் முதுகில் நான்கு அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். 2019-இல் 43 வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய வருடங்களில் அவர் பட்ட வலியையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மணிக்கட்டு. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது மணிக்கட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். கிளப்பின் பிடி முடியும் இடம் உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் அழுந்துகிறது. அதன் அடியில் ஹமேட் என்ற சிறு எலும்பின் கொக்கிபோன்ற நீட்சி இருக்கிறது. பந்துக்கு முன்னால் தரையை வெட்டி அடிக்கும்போது அந்த அதிர்ச்சி நேராக அங்கே போகிறது. ரேஞ்சுகளில் கான்கிரீட் மேல் போட்ட செயற்கைப் புல் விரிப்பு இருந்தால் இது இன்னும் மோசம். புல்தரையில் கிளப் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும்; விரிப்பில் மண் இல்லை, அதிர்ச்சியைக் கைதான் வாங்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த எலும்பு முறிவு தெரியாமல் போவதும் உண்டு. அதனால் அந்த இடத்தில் வலி நீடித்தால், பிள்ளை கோல்ஃப் ஆடுகிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முழங்கையின் உள்பக்கம் வரும் வலிக்கு கோல்ஃபர்ஸ் எல்போ என்றே பெயர். விலா எலும்பில்கூட ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வரும் என்பது பலருக்குத் தெரியாது. முன்னணி கோல்ஃப் வீரர் ரோரி மெக்இல்ராய்க்கு 2017 ஜனவரியில் வந்தது. போட்டி இல்லாத இடைவெளியில் புதுக் கிளப்புகளைச் சோதித்துப் பார்க்க ஏராளமான பந்துகளை அடித்திருந்தார். அப்போது அவருக்கு 27 வயது, நல்ல உடற்கட்டு கொண்டவர். திடீரென்று எண்ணிக்கை ஏறினால் அந்த உடம்பும் தாங்கவில்லை.

திடீரென்று என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட அது ஏறும் வேகம் சில சமயம் பெரிய வில்லன். பரீட்சை நேரத்தில் ஒரு மாதம் கிளப்பைத் தொடாத பிள்ளை, லீவு விட்ட மறுநாளே 300 பந்து அடிக்கும். மாநிலப் போட்டி வருகிறது என்றால் பத்து நாள் முன்பு பயிற்சி இரட்டிப்பாகும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஒரே நாளில் 36 குழி ஆடுவது சர்வ சாதாரணம் என்பதைப் படித்துவிட்டு, இங்கே 13 வயதுப் பிள்ளையை அதற்குப் பழக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

2020-இல் அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ உடம்பை ஏற்றி, ஸ்விங் வேகத்தை ஏற்றி, யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் பட்டம் வென்ற பிறகு, வேகம் வேகம் என்று ஒரு மோகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு அடியையும் முழுப் பலத்தில் அடித்து, திரையில் வரும் வேக எண்ணைப் பார்த்துக் குதிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வேகப் பயிற்சி தப்பில்லை. ஆனால் அது வாரத்தில் ஒன்றிரண்டு நாள், குறைந்த எண்ணிக்கையில், உடம்பு சூடான பிறகு செய்ய வேண்டியது. இருநூறாவது பந்தில், களைத்த தசையோடு செய்வது அல்ல. தசை களைத்தால் அது தாங்க வேண்டிய சுமை எலும்புக்கும் மூட்டுக்கும் போகிறது. கிளப்பும் பிள்ளையின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்தால் நீளம்தான் குறையும். கனமும் விறைப்பும் அப்படியே பிள்ளையின் மணிக்கட்டில் இறங்கும்.

இவ்வளவு பந்து அடித்தால்தானே ஆட்டம் வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கான பதில் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது. ஒரே கிளப்பால் ஒரே இலக்கை நோக்கி நூறு பந்து அடித்தால், அன்றைக்கு அருமையாக வரும். அடுத்த வாரம் நிலைக்காது. ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றி, இலக்கை மாற்றி, போட்டியில் செய்வதுபோலப் பந்துக்குப் பின்னால் நின்று பார்த்து அடித்தால் அன்று தடுமாறும், ஆனால் கற்றது தங்கும். இயக்கத் திறன்களைக் கற்பது பற்றிய ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. அப்படி அடித்தால் ஒரு மணி நேரத்தில் 40 பந்துக்கு மேல் போகவும் முடியாது. கற்றலுக்கு நல்லதும் முதுகுக்கு நல்லதும் இங்கே ஒரே பாதையில் போகின்றன. மீதி நேரத்தை, குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போடும் சிப்பிங்குக்கும் பட்டிங்குக்கும் கொடுக்கலாம். ஸ்கோரில் பாதி அங்கேதான் இருக்கிறது. பட்டிங்கில் மட்டும், குனிந்தபடியே ஒரு மணி நேரம் நிற்காமல் அவ்வப்போது நிமிரச் சொல்லுங்கள்.

எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு நினைவில் வைக்க எளிதான ஓர் அளவுகோல் உண்டு. சிகாகோவில் சுமார் 1,200 இளம் விளையாட்டு வீரர்களைக் கவனித்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வயதைவிட அதிக மணி நேரம் வாரப் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குக் கடுமையான ஓவர்யூஸ் காயங்கள் கூடுதலாக வந்திருந்தன. அதாவது 12 வயதுப் பிள்ளைக்கு வாரம் 12 மணி நேரத்துக்குள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விடுப்பும் வேண்டும் என்கிறது. மூன்று மாதமா என்று அக்கா அதிர்ந்துபோனாள். அந்த மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. நீச்சல், பூப்பந்து, தெருக் கிரிக்கெட் எதுவானாலும் சரி. உடம்பு வேறு திசைகளில் வளைய வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடனின் கோல்ஃப் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம் சிறுவயதில் டென்னிஸ் ஆடினார், பனிச்சறுக்கினார். கோல்ஃப் தொடங்கியது 12 வயதில். அமெரிக்காவின் எல்பிஜிஏ என்ற பெண்கள் கோல்ஃப் தொடரில் 72 பட்டங்கள் வென்றார்.

பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடாக்குவது பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வேகமாகப் பத்து நிமிடம் நடை, இடுப்பையும் தோளையும் சுழற்றும் அசைவுகள், அப்புறம் சின்னக் கிளப்பில் அரை ஸ்விங். காரிலிருந்து இறங்கியதும் டிரைவரைக் கையில் எடுப்பதுதான் கூடாது. பையை ஒரே தோளில் தூக்காமல் இரண்டு தோளிலும் மாட்டலாம், முடிந்தால் தள்ளுவண்டியில் வைக்கலாம். 18 குழி நடந்து முடிக்க எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். தசை முழுக்கப் பரவலாக வலித்து, இரண்டு நாளில் தானாகக் குறைந்தால் அது பயிற்சி வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு எலும்பின் மேல் ஓரிடத்தில் வலி, மறுநாள் காலையிலும் போகாத வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வலியைத் தவிர்க்க ஸ்விங்கையே மாற்றிக்கொள்வது, காலில் மரத்துப்போவது என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிள்ளைக்கு முதுகு வலி இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் அப்படியே. அக்கா மகனுக்கு முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. மாத்திரையையும் ஸ்ப்ரேயையும் வைத்து வலியை அடக்கிப் போட்டிக்கு அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். வலி என்பது உடம்பு நம்மிடம் பேசும் ஒரே வழி.

அவன் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தது மெதுவாகத்தான். மூன்று மாதம் பிசியோதெரபி, வயிறு, பிட்டம், தொடைத் தசைகளுக்கு உரமேற்றும் பயிற்சிகள். பிறகு இரண்டு வாரம் பட்டிங் மட்டும். அப்புறம் சிப்பிங். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை ஸ்விங்கில் 20 பந்து. வலி இல்லாவிட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுவோம். லேசாக முணுமுணுத்தாலும் பழைய எண்ணுக்கே திரும்புவோம். டிரைவரைக் கையில் எடுக்க ஐந்தாவது மாதம் ஆனது. இப்போது அவன் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தேதி, முழு ஸ்விங் எத்தனை, தூக்கம் எத்தனை மணி, வலி உண்டா இல்லையா, இவ்வளவுதான் அதில் எழுதுவான். மாதம் ஒருமுறை கதவு நிலையில் உயரத்தையும் அளந்து அதே நோட்டில் குறித்துவைக்கிறோம். உயரம் வேகமாக ஏறும் மாதங்களில் பக்கெட் பாதியாகிவிடும்.